கையில் 55,000 ரூபாய், மீதிக்குக் கடன்: இந்த ஆண்டு தனிக் கண்காட்சி வைக்கலாமா?

செங்காவி எழுதியது:

வணக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள் நான். வயது 34. ஒன்பது ஆண்டுகளாகப் பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கிறோம். பிழைப்புக்குச் சிறுவர் புத்தகங்களுக்கும் பாடப் பயிற்சி நூல்களுக்கும் படம் வரைகிறேன். மகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு என் ஓவியங்களை வரைகிறேன். ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது.

போன ஆண்டிலிருந்து புத்தக வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பதிப்பாளர் கணினியே உருவாக்கிய படங்களை அனுப்பி, "விரல்களை மட்டும் சரிசெய்து கொடுங்கள்" என்கிறார். பழைய கூலியில் ஐந்தில் ஒரு பங்கு தருகிறார். ஆறு விரல் குழந்தைகளுக்கு ஐந்து விரல் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது என் தொழில்.

என்னிடம் 26 ஓவியங்கள் தயாராக இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டடிக்கு மூன்றடி, கேன்வாஸில் அக்ரிலிக். எல்லாமே கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரப் பட்டறைகள். என் தாய்மாமா அந்தத் தொழிலில் இருந்தவர். நெருப்பை ஊதும் துருத்தி, பாத்திரத்தை வைத்துத் தட்டும் அடைகல், கரி படிந்த சுவர், பாதி மெருகேறிய குடம், கடைசியாகப் பூட்டிய கதவு என்று ஒரு வரிசை.

சென்னையில் ஒரு கூடம் அக்டோபரில் ஒரு வாரத்துக்குக் கிடைக்கிறது. வாடகை, படச்சட்டம், அழைப்பிதழ், சிறு கேட்லாக், வண்டி, திறப்பு விழாத் தேநீர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1,40,000 ரூபாய் வருகிறது. கையில் இருப்பது 55,000. மீதிக்கு நகையை வைக்க வேண்டும். கணவர் "உன் விருப்பம்" என்கிறார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அப்பா, "காலம் கொஞ்சம் தெளியட்டுமே" என்கிறார். முன்பு என்னிடம் இரண்டு ஓவியங்கள் வாங்கிய கட்டடக் கலைஞரைக் கேட்டேன். இந்த ஆண்டு சுவருக்குப் பணம் ஒதுக்க யாரும் தயாராக இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் கேள்விகள்: இப்போது வைப்பதா, காத்திருப்பதா? வைத்தால் விலையைக் குறைக்க வேண்டுமா? 26 படங்களையும் மாட்டுவதா?

மழைநீலம் எழுதியது:

கடன் வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். கூடத்துக்கு யார் வருகிறார்கள்? சக ஓவியர்கள் வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், "நல்லா வந்திருக்கு" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். நான் மூன்று ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமில் மட்டும் விற்கிறேன். உள்ளங்கை அளவு நீர்வண்ணம், 1,500 ரூபாய், கூரியர் தனி. வாடகையும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெரிய படம் அங்கே விற்பதில்லை. நானும் மூன்று ஆண்டுகளாகப் பெரிய படம் வரையவில்லை.

பீடிங் எழுதியது:

நான் ஓவியன் அல்லன். 22 ஆண்டுகளாகச் சட்டம் போடுகிறவன். சட்டத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரண்டுக்கு மூன்று என்றால் சுற்றளவு பத்தடி. மூலை வெட்டுக் கழிவு சேர்த்துப் பதினோரு அடி பீடிங் (சட்டம் செய்யும் பட்டி) வேண்டும். 26 படத்துக்கு 286 அடி. அடி 90 ரூபாய்ச் சரக்கு என்றாலே 25,740 ஆகிறது, கூலி தனி. அத்தனையும் எதற்கு? கேன்வாஸுக்குக் கண்ணாடி தேவையில்லை. ஒன்றரை அங்குலக் கட்டையில் இழுத்து அடித்து, ஓரத்திலும் வண்ணம் பூசிவிட்டால் சட்டமே இல்லாமல் மாட்டலாம். மனம் கேட்கவில்லையா? மெல்லிய மரப்பட்டி அடியுங்கள். அடி 35 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மொத்தம் 10,010. தாளில் வரைந்ததற்குத்தான் கண்ணாடியும் மவுண்டும் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) கட்டாயம்.

கட்டை காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சை மரம் மழைக்காலத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும், படம் சுவரில் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு தொங்கும். மூலைகளில் ஆப்பு வைக்கச் சொல்லுங்கள், துணி தொய்ந்தால் தட்டி இறுக்கலாம். விற்காத படங்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டி போதும்.

இன்னொன்று. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு வந்து "அண்ணே, காலைக்குள் வேண்டும்" என்று கேட்காதீர்கள். எல்லா ஓவியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனாமல் எழுதியது:

செங்காவி, உன்னை அம்மா என்றே கூப்பிடுகிறேன். எனக்கு உன் வயதை நெருங்கிய மகள் இருக்கிறாள். காஞ்சிபுரத்துக்காரன் நான், வயது 57. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன், பெயர்ப்பலகை எழுதித்தான் சோறு தின்றேன். நீலப்பொடி தோய்த்த நூலைப் பலகையில் இழுத்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மேல் எனாமலில் எழுத்து. அடிக்கணக்கில் கூலி. ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, கட்சிச் சுவர் என எல்லாம் எழுதினேன். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. நான் மூன்று நாளில் எழுதுவதை அந்த இயந்திரம் அரை மணியில் துப்பியது. உனக்கு இப்போது ஆறு விரல் குழந்தைகள் வருவதுபோல, எனக்கு அப்போது "ஃப்ளெக்ஸில் எழுத்துப் பிழை இருக்கிறது, மேலே ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக் கொடு" என்று வேலை வந்தது. அதையும் செய்தேன்.

இனி கண்காட்சிக்கு வருகிறேன். 2006, 2007இல் ஓவியம் வாங்குவது பங்கு வாங்குவது மாதிரி ஆகியிருந்தது. வாங்கி ஓராண்டு வைத்திருந்தால் இரட்டிப்பு என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் காற்று என் பக்கமும் வீசும் என்று நினைத்து, 2008 நவம்பருக்குச் சென்னையில் ஒரு கூடத்துக்கு முன்பணம் கட்டினேன். கட்டியது ஜூலையில். செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் வங்கி விழுந்தது. ஜனவரியில் 21,000த்தைத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபர் கடைசியில் 9,000த்துக்குக் கீழே போனது. ஓவியம் வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பணம் திரும்ப வராது என்பதால் நான் பின்வாங்கவில்லை. வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்து 40,000 வாங்கினேன். மொத்தச் செலவு 61,000.

நவம்பர் 24, திங்கட்கிழமை திறப்பு. 22 படங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நிஷா புயல். புதன் இரவு மும்பையில் துப்பாக்கிச் சூடு. வியாழன் அன்று புயல் காரைக்கால் பக்கம் கரை கடந்தது, சென்னையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று திட்டுவார்கள் இல்லையா? என் கண்காட்சிக்கு வந்தவர்கள் நிஜமாகவே மழைக்கு ஒதுங்கியவர்கள். பார்வையாளர் பதிவேட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று கூடத்துக் காவலாளி. பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குலத்தில் ஏரி மதகு ஒன்று வரைந்திருந்தேன். அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றார். "இது எந்த ஏரி?" என்றார். சொன்னேன். "கல் வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் இந்த மதகில் தண்ணீர் இந்தப் பக்கம் போகாது" என்றார். நான் அழகுக்காகத் திருப்பியிருந்தேன், பிடித்துவிட்டார். பிறகு விலை கேட்டார். 8,000 என்றேன். "மாதம் இரண்டாயிரமாகத் தரலாமா?" என்றார். விற்றுவிட்டது என்று காட்டும் சிவப்புப் பொட்டை எடுத்து நானே ஒட்டினேன். கை கொஞ்சம் நடுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசி நாள் உள் அலங்கார வேலை செய்யும் ஒருவர் வந்தார். ஒரு விடுதிக்குப் படம் வேண்டுமாம். 15,000 விலை போட்டிருந்த படங்கள். ஒன்று 3,000 வீதம் நான்கு எடுத்துக்கொள்கிறேன், பணம் இப்போதே என்றார். கூடத்தைக் காலி செய்ய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் நில அளவையாளர் இரண்டாம் தவணையைக் கொடுக்கக் காஞ்சிபுரத்துக்கே வந்தார். சில்க் வாங்க வந்தேன், அப்படியே உங்களையும் பார்க்கலாம் என்று வந்தேன் என்றார். பேச்சுவாக்கில், "அந்தப் பெரிய படங்கள் நான்கும் எவ்வளவுக்குப் போயின?" என்று கேட்டார். சொன்ன விலைக்குத்தான் என்று பொய் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். "அப்படியானால் என் படமும் நாளைக்கு மதிப்பு ஏறும்" என்று என் மனைவியிடம் சொல்லிக் காப்பி குடித்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஓய்வூதியத்தில் எண்ணி எண்ணி முழு விலையும் கொடுத்தவரை நான் ஏமாற்றியிருந்தேன். அன்றைக்குப் பிறகு ஒரு படத்துக்கு ஒரு விலைதான். தவணை தருவேன், தள்ளுபடி தர மாட்டேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வரவு 20,000, நட்டம் 41,000. அதை அடைக்க ஒன்றியம் ஒன்றியமாகப் போய்ப் பள்ளிக்கூடச் சுவர்களில் திருக்குறளும் உடலுறுப்புப் படங்களும் எழுதினேன். இருதயம் மட்டும் நாற்பதுக்கு மேல் வரைந்திருப்பேன். என் வாழ்நாளில் அதிகம் பேர் பார்த்த ஓவியம் அந்த இருதயம்தான். சங்கிலி திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின.

2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியத்துக்கும் சேர்த்து. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. சம்பளம் 5,000 ரூபாய். 2021இல் பத்தாயிரமானது, 2024இல் 12,500. பல ஆண்டுகள் மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. மே மாதம் ஓவியனுக்குப் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்போல. ஆனாலும் அந்தப் பணம் அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் ஆகும், மீதி நான்கு நாள் எனக்கு.

நீ விரல் திருத்துவதைப் பற்றி வெட்கத்தோடு எழுதியிருக்கிறாய். வெட்கப்படாதே. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி வந்தது? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் பத்திக் துணி, தோல் வேலை, மட்பாண்டம் என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்துத்தான் நிலமே வாங்கினார்கள். ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். புத்தக அட்டையும் பத்திரிகைப் படமும் நிறைய வரைந்தவர். காந்தியைக் கோடுகளில் வரைந்த அதே கைதான். கூலி வேலை கையைக் கெடுக்காது. கடன்தான் கெடுக்கும். கடன் இருந்தால் கடைசி நாளில் 3,000த்துக்குக் கொடுப்பாய்.

அதனால் என் பதில்: வை, ஆனால் 55,000த்துக்குள் வை. நகையைத் தொடாதே. காலம் தெளியட்டும் என்று உன் அப்பா சொல்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 2008 போய் 2015 வெள்ளம் வந்தது, பணமதிப்பிழப்பு வந்தது, 2020 வந்தது. நான் பார்த்த நல்ல காலம் ஒன்றரை ஆண்டு, அதிலும் என்னிடம் கண்காட்சி வைக்கப் படம் இல்லை.

விலைக்கு ஒரு வழி சொல்கிறேன், பெயர்ப்பலகைக்காரன் புத்தி இது. சதுர அங்குலக் கணக்கு வைத்துக்கொள். இரண்டடிக்கு மூன்றடி என்றால் 864 சதுர அங்குலம். 25 ரூபாய் வீதம் 21,600. சிறிய படத்துக்கு வீதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அங்குலம், 30 ரூபாய் என்றால் 4,320. வீதத்தை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாற்று. வாங்க முடியாதவர் வந்தால் விலையைக் குறைக்காதே, தவணையை நீட்டு, அல்லது சிறிய படத்தைக் காட்டு. தவணைக் கணக்கு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்னிடம் மூன்று நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. பதினாறு ஆண்டுகளில் தவணை தராமல் போனவர்கள் இரண்டே பேர். இருவரும் வசதியானவர்கள்.

26 வேண்டாம். பன்னிரண்டு, மிஞ்சினால் பதினான்கு. உனக்கே எது பலவீனம் என்று தெரியும், அதை வீட்டில் வை.

2021 பிப்ரவரியில் நான் என் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு கண்காட்சி வைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், திண்ணையிலும் ரேழியிலும் 14 படங்கள். பல்பு, ஒயர், தேநீர் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் செலவு. ஐந்து விற்றன, மூன்று தவணையில். எதிர்வீட்டுத் தறிக்காரர் ஒரு படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த அரக்கு, சாயம் இறங்கின அரக்கு மாதிரி இருக்கிறதே" என்றார். எந்த விமர்சகரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. மறுவாரம் அந்த இடத்தைத் திரும்பப் பூசினேன். சரியாக வந்தது.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் படங்களைப் பட்டறைக்காரர்கள் யாராவது பார்த்தார்களா?

சாம்பல் பச்சை எழுதியது:

கோவையிலிருந்து எழுதுகிறேன். எனாமல் அண்ணன் சொன்ன பணமதிப்பிழப்பு எங்கள் தலையில்தான் விழுந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து குழுக் கண்காட்சி வைத்திருந்தோம். 2016 நவம்பர் 8 இரவு அறிவிப்பு, 11ஆம் தேதி எங்கள் திறப்பு. வந்தவர்கள் கையில் பழைய ஐந்நூறு ஆயிரம்தான். ஒருவர் பாதி வெட்கத்தோடு, "பழைய நோட்டு வாங்கிக்கொள்வீர்களா? அப்படியென்றால் இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். வாங்கினோம். வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை நேரம் இருந்ததே. வரிசையில் முறைபோட்டு நின்றோம். நான் நின்ற நாளில் முன்னால் இருந்த பாட்டியை வரைந்தேன், அதுவும் பிறகு விற்றது.

நான் சொல்ல வந்தது வேறு. ஐந்து பேர் சேர்ந்தால் வாடகை ஐந்தில் ஒன்று, அழைப்பது ஐந்து மடங்கு பேரை. தனிக் கண்காட்சி என்ற பெயருக்காக மட்டும் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். ஆனால் குழுவில் ஒருவர் கணக்கு எழுதியே ஆக வேண்டும். எங்களில் இருவர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. காரணம் 1,800 ரூபாய் சமோசா.

சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும் மத்திய அரசின் லலித் கலா அகாதமியில் விண்ணப்பித்துப் பாருங்கள், தனியார் கூடங்களை மட்டும் பார்க்காதீர்கள். கலை பண்பாட்டுத் துறையும் கண்காட்சி நடத்த உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்பதுண்டு. அறிவிப்பு வரும்போது கையில் நல்ல ஒளிப்படங்களும் தன்விவரமும் தயாராக இருக்க வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பேரேடு எழுதியது:

கணக்கு எழுதுவது என் தொழில், என் தங்கை ஓவியர். இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காடாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. ஓவியம் போன்ற பொருள்களை மட்டும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு செய்ய வேண்டியதில்லை; உங்களைப்போல் புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலையும் இருந்தால் வரம்பு 20 லட்சம். நம்மில் யாரும் அந்தக் கவலையால் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. ஆனால் வெளி மாநிலத்துக்கு நீங்களே பார்சல் அனுப்பி விற்றால் அந்த 40 லட்ச வரம்பு பொருந்தாது. பெங்களூர்க்காரர் யாராவது கேட்டால், அனுப்புவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். மழைநீலம், உங்களுக்கும்தான்.

கலைக்கூடம் வழியாக விற்றால் அவர்கள் கழிவு (கமிஷன்) மூன்றில் ஒன்று முதல் பாதி வரை போகும். கழிவு போக உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

செங்காவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பீடிங் அண்ணா, ஓரங்களுக்கு வண்ணம் பூச ஆரம்பித்துவிட்டேன். நான்கு படங்களுக்கு முடிந்தது. ஓரத்தில் கரியும் காவியும் கலந்து பூசினால் பட்டறைச் சுவரின் தடிமன் மாதிரியே இருக்கிறது. பணம் மிச்சம் பிடிக்கப் போய்ப் படம் மேம்பட்டுவிட்டது.

எனாமல் ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுத முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை. மாமாகூடப் பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக அவர் பட்டறையை வரைகிறேன், அவரிடம் கைப்பேசியில்கூட ஒன்றும் அனுப்பியதில்லை. ஏன் என்று யோசித்தேன். அடைகல்லை நான் தப்பாகப் போட்டிருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து படங்களை ஒளிப்படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு அழைத்தார். "மூன்றாவது படத்தில் குறடு தலைகீழாக இருக்கிறது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் துருத்தியை நான் விற்று ஆறு வருஷம் ஆச்சு. நீ எப்போது பார்த்து வரைந்தாய்?" என்றார். பள்ளிக்கூட விடுமுறையில் பார்த்தது என்றேன்.

கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் கட்டவில்லை, தப்பித்தேன். கும்பகோணத்திலேயே வைக்கப் போகிறேன். எங்கே என்பதுதான் இன்னும் தெரியவில்லை. மாமா வீட்டில் திண்ணை இல்லை, ஷட்டர்தான் இருக்கிறது.

எனாமல் எழுதியது:

ஆடி மாதம் வை அம்மா. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சின்னக் கல்யாண மண்டபங்கள் எல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பாதி வாடகைக்குப் பேசலாம். சாப்பாட்டுக் கூடத்தைக் கேள், மேடையை அல்ல. சாப்பாட்டுக் கூடத்தில்தான் சுவர் நீளமாக, அலங்காரம் இல்லாமல், டியூப் லைட்டோடு இருக்கும். ஆடிப்பெருக்குக்கு முன்னும் பின்னும் நாலு நாள் எடுத்தால் வெளியூர்க்காரர்களும் படித்துறைக்கு வந்திருப்பார்கள். சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். மேலே கம்பி கட்டி, நைலான் கயிற்றில் தொங்கவிடு. ஒரு படத்துக்கு இரண்டு கயிறு, ஒன்றில் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றுக்குச் சுற்றும்.

அந்தக் குறட்டைத் திருப்பிப் போட்டுவிடு. நான் மதகை இன்னும் திருப்பவில்லை. அது விற்ற படம்.

மழைநீலம் எழுதியது:

நானும் வருகிறேன், செங்காவி. தேநீர் குடிக்க அல்ல, கம்பி கட்ட.

செங்காவி எழுதியது:

மண்டபம் கிடைத்துவிட்டது. பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால், நான்கு நாளுக்கு 14,000 ரூபாய். மின்சாரம் மீட்டர் கணக்கு. அம்மா போய்ப் பேசினாள். மேலாளருக்கு ஓவியக் கண்காட்சி என்றால் என்னவென்று விளக்க முயன்றிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "சரிம்மா, எத்தனை இலை?" என்று கேட்டாராம். அம்மா பதற்றத்தில், "பதினாலு படம்" என்றிருக்கிறாள். இலை என்ற கட்டத்தில் 14 என்று எழுதி ரசீது கொடுத்திருக்கிறார். ரசீதை மகளின் ஓவிய நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.